பெயர்த்திக்கு ஒரு பெயர்

சென்ற மாதம் எங்கள் வட்டத்து நண்பரொருவர் மந்தைவெளியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். மகன் வயிற்றுப் பேத்தி பிறந்து பத்து நாளாகியிருந்தது. மறுநாள் தொட்டில். பெயர் முடிவாகவில்லை. மகனும் மருமகளும் கைப்பேசியில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள், நீங்களெல்லாம் இலக்கியம் படிக்கிறவர்கள்தாமே, இந்தப் பெயர்களுக்குப் போட்டிருக்கிற அர்த்தம் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பட்டியலின் தலைப்பு: ‘பஞ்சாபிப் பெண் குழந்தைப் பெயர்கள், பொருளுடன்’. அவர்கள் வடிகட்டி வைத்திருந்தவை நான்கு: சிம்ரன், ஜஸ்லீன், ஹர்மன்பிரீத், நவ்நீத்.

அன்றிரவே பதில் சொல்லிவிட்டோம். ஆனால் சொன்னது போதாது என்ற உறுத்தல் எங்களில் மூவருக்கும் இருந்தது. மயிலாப்பூர் மாடவீதியில் இத்தகைய குறும்புத்தகங்கள் ஊதுவத்திக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே தொங்குவதைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவருகிறோம். இப்போது அவை கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. யாரும் இவற்றைப் படித்துப் பார்த்து நாலு வார்த்தை திட்டியதாகத் தெரியவில்லை. அந்தக் காரியத்தை நாங்கள் செய்கிறோம்.

முதற்பிழை தலைப்பிலேயே இருக்கிறது. ‘பஞ்சாபிப் பெண் குழந்தைப் பெயர்கள்’ என்று அந்தப் பட்டியல் தருபவற்றிற் பெரும்பாலானவை சீக்கியப் பெயர்கள். பஞ்சாபில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு, எல்லைக்கு அப்பால் இன்னொரு பஞ்சாபும் உண்டு, அவர்களுக்கு வேறு பெயர் மரபுகள் உண்டு என்பதைப் பட்டியல் போட்டவர் அறிந்திலர். போகட்டும். அதைவிடப் பெரிய பிழை ‘பெண்’ என்னும் சொல். 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவி ஹர்மன்பிரீத் கௌர். அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஆடவர் ஹாக்கி அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங். ஒரே பெயர். ஓரெழுத்து மாற்றமில்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்தவரே ‘பஞ்சாபி ஆண் குழந்தைப் பெயர்கள்’ என்று இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். குர்பிரீத் இங்கும் இருக்கிறது, அங்கும் இருக்கிறது. இங்கே ‘குருவின் அன்புக்குரியவள்’, அங்கே ‘குருவின் அன்புக்குரியவன்’. ஒரு விகுதியை மாற்றி இரண்டு புத்தகம் விற்கிறார்கள்.

அந்த மரபில் பெயர் வருகிற வழியே வேறு. குழந்தையை குருத்வாராவுக்கு எடுத்துச் செல்கிறார்கள். குரு கிரந்த சாகிபை ஏதோ ஒரு பக்கத்தில் திறக்கிறார்கள். அங்கே வரும் பாடலின் முதலெழுத்து எதுவோ அதில் தொடங்கும் பெயரொன்றை கிரந்தி சொல்ல, கூடியிருப்போர் ஏற்கிறார்கள். ஆணானால் பின்னால் சிங், பெண்ணானால் கௌர். 1945இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்ற ரெஹத் மரியாதா என்னும் நடத்தை நூல் இதைத்தான் விதிக்கிறது. புத்தகம் திறக்கும்போது அதற்குக் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரியாது. இதைப் பார்க்க அமிர்தசரஸுக்குப் போக வேண்டியதில்லை. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கடந்து பாண்டி பஜாருக்குப் பட்டு வாங்கப் போயிருக்கிறோம், எத்தனை பேர் உள்ளே போய்ப் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டிருக்கிறோம் என்று கேட்டால் சங்கடமாகிவிடும். குரு கோவிந்தரைப் பற்றித் தமிழில் பாட பாரதிக்குத் தோன்றியது. நமக்குப் பட்டியல் போதும்.

இனி அர்த்தங்களுக்கு வருவோம். ஹர்மன்பிரீத் என்பதற்குப் பட்டியல் தரும் பொருள் ‘அனைவரையும் கவர்பவள்’. ஹர், மன், பிரீத் என்று மூன்று சொற்கள். மன் என்பது மனம். பிரீத் நம் வீடுகளில் ‘பிரீதியாக’ என்று வழங்குகிற அதே பிரீதி. மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஹர் என்பது ஹரனா ஹரியா என்று கேட்காமல் இருக்க முடியாது என்பதால் சொல்லிவிடுகிறோம்: சீக்கிய வழக்கில் அது ஹரி, ஆனால் சங்கு சக்கரம் தரித்தவரல்லர், உருவமில்லாத பரம்பொருள். இறைவன்பால் மனம் வைத்த அன்பு என்பது பெயர். இதில் யாரும் யாரையும் கவரவில்லை. ஜஸ்லீன் ‘அழகிய புகழுடையவள்’ என்றிருக்கிறது. ஜஸ் புகழ்தான், யசஸ் என்பதன் திரிபு. லீன் என்பது லயித்தல். இறைவனின் புகழில் லயித்திருப்பது. புகழ் அவளுடையதன்று, அழகு பட்டியல்காரருடைய சொந்தச் சரக்கு. பெண் பெயர் என்றால் எங்காவது ஓரிடத்தில் அழகைச் சொருகிவிட வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சிம்ரன் என்றதும் தமிழனுக்கு 1990களின் திரைநாயகி நினைவுக்கு வருவது இயல்பு. அதில் குற்றமில்லை. சொல் ஸ்மரணம் என்பதன் திரிபு. நாமத்தை இடையறாது நினைத்தல் சிம்ரன். ‘ஸ்மரணை தப்பிவிட்டது’ என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே ஸ்மரணை. எங்களில் ஒருவர் விளையாட்டாக, அப்படியானால் ‘நினைவு’ என்று பெயர் வையுங்களேன் என்றார். தொலைபேசியின் மறுமுனையில் மௌனம்.

நவ்நீத்தில்தான் கதை இருக்கிறது. பட்டியலில் ‘என்றும் புதியவள்’. நவ என்றால் புதிது என்று மட்டும் தெரிந்தவர் மீதியைக் கற்பனையால் நிரப்பியிருக்கிறார். நவநீதம் என்றால் வெண்ணெய், புதிதாய்க் கடைந்தெடுத்த வெண்ணெய். கண்ணன் திருடியது. இதைச் சொன்னதும் நண்பர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எங்கள் அம்மாவின் பெயர் நவநீதம் என்றார். குழந்தையின் கொள்ளுப்பாட்டி. எண்பத்தொன்பது வயது. பக்கத்து அறையில் படுத்திருந்தார். அவர் பெயரைக் குழந்தைக்கு வைக்கலாம் என்ற யோசனை முதல்நாளே எழுந்து, பழம்பெயர், பள்ளியில் கேலி செய்வார்கள் என்று தள்ளுபடியாகியிருந்தது. அதே பெயர் ‘அம்’ இழந்து, பஞ்சாப் போய்த் திரும்பி, பொய்யான பொருளொன்றைச் சுமந்து வந்தபோது இறுதிச் சுற்றில் இடம்பெற்றுவிட்டது.

அந்தப் பழம்பெயரை உலகம் அறியாததன்று. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை உயர் ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவி பிள்ளை, 1941இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பேருந்து ஓட்டுநர். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தவர். அவருடைய முழுப்பெயர் நவநீதம். ஜெனீவாவில் செல்லுபடியான பெயர் மந்தைவெளியில் செல்லாமற் போயிற்று.

நாங்கள் தனித்தமிழ்க் கொடி பிடிக்கிறோம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். நவநீதமும் வடசொல்தான். வேதாசலம் மறைமலையானது 1916இல் தொடங்கிய இயக்கத்தின் ஒரு பகுதி. அந்த இயக்கத்துக்குத் தூண்டுகோலாயிருந்ததாகச் சொல்லப்படும் அவருடைய மகள் நீலாம்பிகை என்றே கடைசிவரை அறியப்பட்டார். அதனால் தமிழ் அவரைத் தள்ளிவிடவில்லை. சொல் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் வழக்கே அன்று. ஹர்மன்பிரீத் அருமையான பெயர். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு சமூகம் வைத்திருக்கும் எண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘ப்ரீத்’ என்ற ஓசையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் எங்களுக்குத் தகராறு.

அந்த எண்ணம் என்னவென்று பார்க்கத் தமிழ்ப் பெயர்களைப் பக்கத்தில் வைக்க வேண்டும். திராவிட இயக்கம் பெயர்களில் நிகழ்த்திய மாற்றம் பெரியது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டத்தை விடச் சொன்னது. இன்று வடக்கே போய்ப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிகிறது. எல்லாம் சரி. அந்த மறுமலர்ச்சியில் பெண்மக்களுக்குக் கிடைத்த பெயர்கள் யாவை? கயல்விழி. மலர்விழி. தேன்மொழி. பூங்குழலி. ஆணுக்கு அறிவும் வெற்றியும் செங்கோலும் கொடுத்தோம், பெண்ணுக்குக் கண்ணும் கூந்தலும் குரலும் கொடுத்தோம். தமிழரசி, வெற்றிச்செல்வி என்று விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊரிலும் வகுப்புப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள், விழிகளே மிகும். குழந்தை தொட்டிலில் கண் திறக்குமுன்பே அது மீன்போல் இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம்.

சீக்கியப் பெயரிலோ தல்ஜீத் என்றால் படையை வென்றது, ரஞ்சித் என்றால் போரில் வென்றது. இரண்டும் பெண்களுக்கும் உரியவை. நமக்கு இந்திரஜித் என்றால் கம்பன் காட்டும் இலங்கை இளவரசன். அங்கே இந்தர்ஜித் கௌர் என்றொருவர் 1975இல் பாட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார், அப்பதவி பெற்ற முதற்பெண்மணி. கூந்தலைப் பற்றிய பெயராக அது தெரியவில்லை.

இது ஆதிகாலந்தொட்டு அப்படியே இருந்ததும் அன்று. நானக்கின் அக்காள் பெயர் நானகி. இரண்டாம் குருவின் மனைவி கீவி. முக்த்சர்ப் போரில் வாளெடுத்தவர் மாயி பாகோ. பெண்பாற் குறியோடு கூடிய பெயர்களே இவையெல்லாம். பால் பாராத பெயர் பின்னால் பரவியது. யாரோ உட்கார்ந்து யோசித்து, ஏற்று, பழக்கமாக்கினார்கள். செங்கற்பட்டில் நம்மவர்கள் செய்ததும் அதே வகைக் காரியந்தான். அவர்கள் செய்ததில் ஒரு பாதியை நாம் செய்தோம். மறுபாதியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் ஓசையை நகலெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கௌர் என்னும் பின்பெயரைப் பற்றி ஒரு சொல். ‘இளவரசி’ என்று எல்லாப் பட்டியலும் ஒரே குரலிற் சொல்கின்றன. சொல் வரலாற்றில் அது குமார என்பதன் வழியில் வந்த கன்வர், குன்வர் என்பவற்றின் உறவு, ரஜபுத்திர அரசகுமாரர்களுக்கு வழங்கியது. ஆக, நம் தெருவுக்கு நான்கு பேராக இருக்கும் குமார்களும் அங்குள்ள கௌர்களும் பங்காளிகள். தகப்பன் பெயரையோ கணவன் பெயரையோ ஒட்டிக்கொள்ளாமல் பிறந்தது முதல் இறுதிவரை ஒரு பெண் தன் பெயரோடு நிற்க முடியும் என்பதே அந்தச் சொல்லின் பயன். நடைமுறையில் அங்கும் சந்து, கில், பிரார் என்று குலப்பெயர்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன என்பது வேறு விஷயம். நம் பட்டியல்வாசிகள் பெயரை எடுத்துக்கொண்டு கௌரை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். முன்னால் அப்பாவின் தலையெழுத்து ஏறிக்கொள்கிறது. திருமணமானால் தலையெழுத்து மாறுகிறது. இந்த இடத்தில் ‘தலையெழுத்து’ என்ற சொல்லைத் தமிழ் இரண்டு பொருளில் வழங்குவதைக் காட்டாமல் போக மனம் வரவில்லை.

நிற்க. ஒருவர் எழுந்து கேட்பார்: இவ்வளவு உயர்ந்த பெயர் மரபுள்ள பஞ்சாபில் பெண்ணுக்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்வி. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பஞ்சாபில் இருந்த பெண் குழந்தைகள் 798. 2011இல் 846. தமிழ்நாட்டில் இவ்விரு ஆண்டுகளிலும் முறையே 942, 943. குருத்வாராவில் பெயர் பெறுவதற்கு முன்பே, பிறப்பதற்கு முன்பே, அங்கே பெண்கள் தொலைந்துபோனார்கள். படையை வென்றவள் என்று பெயர் வைக்க ஒரு மகள் வேண்டுமே. பெயர் பெண்ணைக் காக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் பெயர் ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்கள் நம்மூர்ப் போதும்பொண்ணுகளைக் கேட்டுப் பார்க்கட்டும். திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில், ‘வேண்டாம்’ என்றே பெயரிடப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். 1992இல் சேலத்தில் அரசு தொட்டில் வைத்தது எதனால் என்பதை நாம் மறக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்தில் நகூசா, அதாவது வேண்டாதவள், என்று பெயர் கொண்டிருந்த 285 சிறுமியருக்கு 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப்பெயர் வழங்கினார்கள். பெயர் வெறும் ஓசையென்றால் அந்தச் சிறுமியர் ஏன் அன்று வரிசையில் வந்து நிற்க வேண்டும்?

கேலி என்று அந்த இளம் பெற்றோர் அஞ்சினார்களே, அதைப் பற்றியும் பேச வேண்டும். அச்சம் பொய்யன்று. 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ படத்தில் இரண்டு பெண்களுக்கு முகத்தில் கருமை பூசி, அங்கவை சங்கவை என்று பெயரிட்டு, திரையரங்கு முழுவதையும் சிரிக்க வைத்தார்கள். தகப்பனாக நடித்தவர் ஊரறிந்த தமிழ்ப் பேராசிரியர், வசனம் எழுதியவர் நாமெல்லாம் விரும்பிப் படித்த சுஜாதா. பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் அவர்கள் பெயர் இல்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்காலக் கதைமரபு தந்தவை. இந்தத் திருத்தத்தைச் சொல்ல அன்று எங்கள் கையரித்தது, ஆனால் அது பெரிதில்லை. தந்தையை இழந்து நிலவைப் பார்த்து அழுத இரண்டு பெண்களின் பெயரை ஒரு நகைச்சுவைக் காட்சி எவரும் வைக்க முடியாத பெயராக்கிவிட்டது. அன்று நாமும்தான் சிரித்தோம். அடையாற்றின் மழலைப்பள்ளியில் கேலி செய்யும் குழந்தைக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

நட்சத்திர எழுத்து என்றொரு நெருக்கடியும் உண்டு, மயிலாப்பூரில் அது சாதாரணமில்லை. அசுவினிக்கு சு, சே, சோ, லா. சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா. அஸ்தத்தின் நான்கில் ஒன்று ண. மொழிக்கு முதலில் வாரா என்று தமிழிலக்கணம் விலக்கிய எழுத்துகளை வைத்துக்கொண்டு தமிழ்க் குழந்தைக்குப் பெயர் தேடினால் பட்டியலைத்தான் தஞ்சமடைய வேண்டும். இதற்கு நம் முன்னோர் எளிய வழி வைத்திருந்தார்கள். எழுத்துப்படி ஒரு பெயரைக் காதில் ஓதிவிட்டு, கூப்பிடுவதற்குப் பாட்டி பெயரை வைத்துக்கொண்டார்கள். பேத்தி என்கிறோமே, அது பெயர்த்தி என்பதன் மரூஉ. பெயரன், பெயர்த்தி: பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள். உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயரிடும் விதியை வைத்த மொழி வேறெதுவும் எங்களுக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த விதியை விட்டுவிட்டு, சொல்லை மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கபாலீசுவரர் கோயிலுக்குள் பூம்பாவைக்குச் சந்நிதி இருக்கிறது. பாம்பு தீண்டி இறந்த செட்டியார் மகளை, எலும்பும் சாம்பலும் அடைத்த குடத்திலிருந்து சம்பந்தர் எழுப்பியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு அவள் பெயரைச் சொல்லி அழைத்து, இந்தத் திருவிழாவைக் காணாமல் போவாயோ என்று கேட்கிறார். மயிலையின் விழாக்கள் ஒவ்வொன்றாக அதில் வருகின்றன. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் கவிதையாகப் படிக்கட்டும். இந்தத் தெருக்களில் ஒரு பெண்ணுக்கு அவள் பெயர் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிடப் பழைய சான்று எங்களிடம் இல்லை. அதே தெருக்களில் நாங்கள் இத்தனை ஆண்டுகளில் சந்தித்த பூம்பாவைகள் இருவர். ஒருவர் அறுபதைக் கடந்தவர்.

தொட்டில் மறுநாள் நடந்தது. நட்சத்திர எழுத்துக்கு ஏதோ ஒரு பெயரைக் காதில் சொன்னார்களாம். அழைக்கும் பெயர் இன்னும் முடிவாகவில்லை. நவநீதமா, நவ்நீத்தா என்பதில் வீடு இரண்டுபட்டிருக்கிறது. ஒரு நல்ல மாற்றம், வெண்ணெய் என்ற பொருளை இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கொள்ளுப்பாட்டியைக் கேட்டீர்களா என்றோம். கேட்டார்களாம். தம் பெயரை வைக்கச் சொல்லவில்லை அவர். ஆனால் வைத்தால் பாதியை வெட்டக் கூடாது என்றாராம். பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லை, அதன்பின் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வயது வரை சேர்க்கலாம். மாநகராட்சியின் சான்றிதழில் அந்தக் கட்டம் இப்போதைக்குக் காலியாக இருக்கிறது.